அட்ஜஸ்ட் என்னும் வினைச்சொல்

ஆங்கிலேயர் போகும்போது ரயிலையும் தபாலையும் விட்டுப்போனார்கள் என்று சரித்திரம் சொல்லும். அவற்றைவிட உயர்ந்த ஒரு செல்வத்தையும் அவர்கள் விட்டுப்போனதைக் கண்டுகொண்டவர் தண்டாயுதபாணி. அது ‘அட்ஜஸ்ட்’ என்னும் வினைச்சொல்.

தண்டாயுதபாணி காரைக்குடிப் பக்கத்து ஒன்றியம் ஒன்றின் பி.டி.ஓ. அறுபத்தேழில் சென்னைக்கு ஒரு பயிற்சி முகாமுக்குப் போனார். போகும்போது அவருக்குத் தெரிந்தவை ‘முடியாது’, ‘அப்புறம் பார்க்கலாம்’ இரண்டும்தான். இரண்டுமே ஜனங்களின் மனத்தைப் புண்படுத்துபவை. திரும்பியபோது இரண்டையும் உள்ளடக்கி, யாரையும் புண்படுத்தாத ஒற்றைச் சொல்லோடு வந்தார்.

கிணறு வற்றிவிட்டது என்று வந்தவர்களை அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னார். டவுன் பஸ் கோட்டையூரோடு திரும்பிவிடுகிறது என்றவர்களிடம், மீதித் தூரத்தை அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னார். அகராதியில் இதற்குச் ‘சரிசெய்தல்’ என்று பொருள் போட்டிருக்கிறது. பாவம், அகராதி எழுதியவர்கள் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை.

அந்த வருஷம் விளைச்சலைப் பெருக்க மேலிடம் உத்தரவிட்டது. லாரி லாரியாக யூரியா வந்து இறங்கியது. கிட்டங்கி நிரம்பிவிடவே தண்டாயுதபாணி ஆழ்ந்து சிந்தித்தார். அடுத்த தெருவில் ஒன்றியத்தின் மகப்பேறு நிலையம் இருந்தது. பிரசவ அறை பாதி நாள் சும்மாதானே கிடக்கிறது? மூட்டைகள் அங்கே குடியேறின.

அங்கே நர்ஸ் முத்தழகு. மறுநாளே வந்து நின்றாள்.

“நெடியில கண்ணு எரியுது சார். பெறக்குற பிள்ளை மொத மூச்சே யூரியாவத்தான் இழுக்கணும்.”

தண்டாயுதபாணி கனிவோடு சிரித்தார். “நாட்டுக்குச் சோறு வேணுமில்ல? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிருங்க.”

முத்தழகு கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகி, நனைந்த மூட்டைகள் சரிந்து கட்டில்மேல் விழுந்தன. அந்த நேரம் பார்த்து, வலியோடு துடிக்கும் அன்னக்கிளியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். அறையை ஒரு பார்வை பார்த்த முத்தழகு, வண்டியை ஒன்றிய அலுவலகத்துக்கு விடச் சொன்னாள்.

உள்ளே ‘உணவு உற்பத்தியும் தாய்சேய் நலமும்’ பற்றிக் கூட்டம். நீள மேஜையைச் சுற்றி உறுப்பினர்கள். அவர்களுக்கு முன்னால் காராபூந்தி. முத்தழகு கதவைத் திறந்தாள்.

“எல்லாரும் வெளிய போங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிருங்க சார்.”

தண்டாயுதபாணி மழையில், தாழ்வாரத்துத் தூணோடு ஒட்டி நின்றார். அந்தச் சொல்லை அவரைப் பார்த்தே ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இவ்வளவு இனிமையான சொல் எப்படி வலிக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. உள்ளே குழந்தை அழுதபோது உறுப்பினர்கள் கைதட்டினார்கள், அவரும் தட்டினார்.

அடுத்த வாரமே, ‘அனுமதியின்றி அரசு மேஜையை உபயோகித்ததற்காக’ முத்தழகுவைக் கடற்கரைப் பக்கம் மாற்றி உத்தரவு வந்தது. எழுதிப்போட்டது தண்டாயுதபாணிதான். உத்தரவை வாங்கிக்கொண்ட அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஊருக்கே இந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்தீக. ‘நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்’னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீகளா சார்?”

தண்டாயுதபாணி யோசித்துப் பார்த்துவிட்டு, இலக்கணப்படி அந்த வினைச்சொல்லுக்குத் தன்மை இடம் கிடையாது, முன்னிலை மட்டுமே உண்டு என்று பொறுமையாக விளக்கினார்.

முத்தழகுவின் இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. நிலையத்தில் மூட்டைகள் யார் தொந்தரவும் இல்லாமல் இருந்தன.

தை மாதம் அந்த ஊர்க் கருத்தையாவின் மகளுக்கு வலி எடுத்தது. நிலையத்தில் பூட்டைப் பார்த்துவிட்டுக் காரைக்குடிக்கு வண்டி கட்டினார்கள். போய்ச் சேர முடியவில்லை. வழியில், ஒரு புளியமரத்தடியில் பிரசவம் ஆயிற்று. குழந்தை அழவே இல்லை.

தண்டாயுதபாணி நல்லவர். கருத்தையாவின் வீட்டுக்கே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விதி, என்ன செய்வது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளத்தான் வேண்டும் என்று ஆறுதல் சொன்னார். கருத்தையா தலையாட்டினார். மகளும் தலையாட்டினாள்.

அந்த ஒன்றியத்திலேயே அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள மறுத்தது அந்தக் குழந்தை ஒன்றுதான்.