நான் கண்டுபிடித்த சிறுத்தை

கணவனும் மனைவியும் ஒரே வகுப்பில் சேரக் கூடாது. சேர்ந்தாலும் ஒரே வாங்கில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தாலும், எல்லாக் கேள்விக்கும் மனைவிதான் விடை சொல்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான் போகவில்லை. அதன் பலனைத்தான் எழுதுகிறேன்.

தேயிலை மலைகளுக்கு நடுவே நோர்வூட்டில் எனக்கு ஒரு போன் திருத்தும் கடை இருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருந்ததில் உடம்பில் சீனி கூடிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். அந்த வாரமே என் மனைவி சுமதி நூலகத்தில் ஒரு அறிவித்தல் பார்த்துவிட்டு வந்தாள். பெரியவர்களுக்கான இயற்கை வகுப்பு, சனிக்கிழமை காலையில், நம் மலையின் பறவைகள், மரங்கள், ஓடைகள், மிருகங்கள்.

"இந்த மலையிலேயே பொறந்து வளந்தவனுக்கு மலையப் பத்தி ஆரு கிளாஸ் எடுக்கிறது?" என்றேன்.

"அப்படின்னா நேத்து நம்ம ஜன்னல்ல வந்து உக்காந்துச்சே, அது பேரு என்னா?"

"குருவி."

"என்னா குருவி?"

அடுத்த சனிக்கிழமை இருவரும் வகுப்பில் இருந்தோம்.

பாடம் எடுத்தவர் யோகா மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க வந்து, மலையை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டவர். யாரையும் கடிந்து பேசாத மனுஷி. (அந்தக் குணத்தை நான் எவ்வளவு சோதித்தேன் என்று இனித்தான் வருகிறது.)

மூன்றாவது வாரம் கால்தடங்கள் பற்றிய பாடம். மிஸ் பலகையில் ஒவ்வொரு மிருகத்தின் பாதமாக வரைந்துகொண்டிருந்தார். நான் மேசைக்குக் கீழே, திரை உடைந்த ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்ததெல்லாம் 'சிறுத்தை', 'நகம்' என்ற இரண்டு சொற்கள்தான். போதும் என்று நினைத்துக்கொண்டேன். சிறுத்தைக்கு நகம் இருக்கும். இதில் என்ன சந்தேகம்?

அடுத்த வாரம் வெளியே கூட்டிப்போனார்கள். ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் ஓடையை ஒட்டிய காட்டுத் துண்டு. போகிற வழியெல்லாம் சுமதிதான் பேர் சொன்னாள். கிளையில் இருந்ததையும் சொன்னாள், கிளையையும் சொன்னாள். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தபால் அதிபர்கூட மிஸ்ஸை விட்டுவிட்டு அவளிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு ஒன்றையாவது இவளுக்கு முந்திக் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவுகட்டினேன்.

தபால் அதிபரின் காலில் அட்டை ஏறியதும் எல்லோரும் நின்றார்கள். அதுதான் சமயம் என்று நான் மட்டும் ஓடையோரமாக முன்னே போனேன்.

ஈர மண்ணில் தெளிவாக, வரிசையாகத் தடங்கள். என் கண்ணுக்கு ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அளவில் தெரிந்தது. ஒவ்வொரு விரலுக்கு முன்னாலும் கூர்மையான நகக் குறி. நகம்!

எதையாவது கண்டால் சத்தமில்லாமல் கையை உயர்த்த வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். நான், "சிறுத்தை!" என்று அலறினேன். எதிர்மலையும் அதையே திருப்பிச் சொன்னது.

மேலே சரிவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் சிறுத்தையும் புலிதான். "புலியாம்டி! கீழ புலியாம்!" என்று செய்தி நிரைக்கு நிரை ஏறியது. முதுகில் கூடையோடு எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார்.

"ஆரு பாத்தது?"

எல்லா விரல்களும் என்னைக் காட்டின. அந்த நிமிடத்தில் நான் வளர்ந்த உயரம் இருக்கிறதே!

"ஆண் சிறுத்தை. அஞ்சு வயசு இருக்கும். இப்பதான் தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கு" என்றேன்.

"ஆம்பளைன்னு எப்புடிங்கண்ணே தெரியும்?" என்று ராஜேஸ்வரி என்ற பெண் கேட்டார்.

"நடையப் பாருங்க." (என்ன நடை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

அதற்குள் மிஸ்ஸும் சுமதியும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். மிஸ் தடத்தைப் பார்க்கக் குனிந்தார். அப்போது பக்கத்துத் தேயிலைச் செடிகள் சரசரவென்று அசைந்தன.

அதன்பிறகு நடந்தது நினைவில்லை என்று சொல்ல ஆசைதான். சாட்சிகள் அதிகம். நான் பெண்களை விலக்கிக்கொண்டு ஓடி, தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டியிருக்கும் கானுக்குள் குதித்தேன். முழங்கால் வரை சேறு. தலைக்குமேல் கைகளை வைத்துக்கொண்டு குந்திவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் மெதுவாக நிமிர்ந்து பார்த்தேன்.

கானின் விளிம்பில், எனக்கு முதுகைக் காட்டியபடி, சுமதி நின்றாள். இரண்டு கைகளையும் அகலமாக உயர்த்தி, "ஏய்! போ! போ அங்கிட்டு!" என்று கத்தினாள். எங்கள் மரக்கறிப் பாத்தியில் மாடு இறங்கினால் கேட்கும் அதே குரல்.

செடிகளை விலக்கிக்கொண்டு ஒரு தவிட்டு நிற நாய் வந்தது. காலையில் பஸ் நிறுத்தத்தில் என் மீன் பணிஸ் ரொட்டியில் பாதியை அதற்குத்தான் போட்டிருந்தேன். நன்றியோடு எங்களுக்கு முன்னும் பின்னுமாக வந்திருக்கிறது. சுமதியைச் சுற்றிக்கொண்டு வந்து, கானுக்குள் எட்டி என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

மலையே சிரித்தது. கண்டாக்கையா மட்டும் சிரிக்கவில்லை. "வேலையக் கெடுத்துட்டீங்களே! போங்க, எல்லாரும் மேல ஏறுங்க!" என்றார். நான் கானிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்தேன்.

"நில்லுங்கையா," என்றார் ராஜேஸ்வரி. "போன மாசம் நாங்க தண்ணி புடிக்கிற பீலிப் பக்கம் நெசமாவே புலி வந்துச்சு. எங்க நாயத் தூக்கிட்டுப் போச்சு. சொன்னோமே, ஆரு வந்து பாத்தீங்க? இந்த அண்ணே ஒரு சத்தம் போட்டதும் பைக்க எடுத்துக்கிட்டு ஓடியாந்தீங்கல்ல?"

சிரிப்பு அடங்கிவிட்டது. மிஸ் கண்டாக்கையாவிடம், "கொஞ்ச நேரம் தாங்கோ. இவைக்கு ரெண்டு விசயம் சொல்லிப்போட்டு விடுறன்" என்றார். அவர் மறுக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் சாய்ந்து அவரும் கேட்டார்.

"நகம் தெரிஞ்சால் அது நாய். சிறுத்தை நடக்கேக்க நகத்தை உள்ளுக்கு இழுத்து வச்சிருக்கும். நேர கண்டால் ஓடப்படாது. குனியப்படாது. கையை உயர்த்தி, சத்தம் போட்டு, மெல்ல மெல்லப் பின்னுக்கு வரவேணும். சுமதி செய்ததுதான் சரி."

"அப்ப அண்ணே செஞ்சது?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

மிஸ் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது செய்யப்படாதது" என்றார்.

நூலகத்து வகுப்பில் ஒரு வாங்குகூட நிறைந்ததில்லை. அன்றைக்கு ஒரு மலையே நின்று கேட்டது. தாங்கள் குடியிருக்கும் லயத்துக்கும் வந்து சொல்லித்தர வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்க, வகுப்பு தோட்டம் தோட்டமாகப் போக ஆரம்பித்தது. என்னையும் விடாமல் கூப்பிடுகிறார் மிஸ். என்ன செய்ய வேண்டும் என்று சுமதி செய்துகாட்டுவாள். என்ன செய்யக் கூடாது என்று நான் ஓடிக் குதித்துக் காட்டுவேன். கைதட்டல் எனக்குத்தான் அதிகம். (சீனியும் இறங்கிவிட்டது.)

கானில் குதித்த அன்று பஸ்ஸில் திரும்பும்போது சுமதியிடம், "ஒனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"உசுரே போயிருச்சு. ஆனா நீங்க கான்ல கெடந்தீங்களே, வுட்டுட்டு எப்புடி ஓடுறது?" என்றாள். காய்ந்த சேற்றைக் காற்சட்டையிலிருந்து சுரண்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அதற்குப்பிறகு ஒரு வழக்கம் வந்துவிட்டது. கரப்பான் பறந்தாலும், நடுக்கூடத்தில் பல்லி விழுந்தாலும், "நீங்க கான்ல எறங்குங்க, நான் பாத்துக்கிறேன்" என்பாள் சுமதி. போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க நுவரெலியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் நிறைய வந்து இறங்கினார்கள். வாசலில் கைகூப்பி நின்ற எனக்கு உதறலெடுத்தது. உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தாள்:

"அப்பா, நீங்க கான்ல எறங்குங்க. அம்மா பாத்துக்குவாங்க."