டைம்கீப்பர் மாமாவை நான் சாகடித்த ஞாயிற்றுக்கிழமை

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். ஆயுதம் எதுவும் இல்லை, ஒரே ஒரு சொல்தான். (போலீஸ் கேஸ் ஆகவில்லை. ஆகியிருந்தால் செத்தவரே வந்து ஜாமீன் கொடுத்திருப்பார்.) பந்தல் வந்தது, டெம்போ நிறைய ஜனம் வந்தது, ரோஜா மாலை வந்தது. வராதது பிணம் மட்டும்தான்.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். பிள்ளைகள் இல்லை. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவே அவரை டைம்கீப்பர் என்றுதான் சொல்லும். நாங்கள் மரியாதைக்கு ஒரு மாமா சேர்த்துக்கொள்வோம். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், வாட்சிலிருந்து ஓய்வு பெறவில்லை. அப்பா கால் மணி நேரம் தாமதமாக வந்தால்கூட, வண்டியை லேட்டாகக் கொண்டுவந்த டிரைவரைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார்.

எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பிடிக்காத ஒரே விஷயம் என் சிரிப்பு. நான் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். என் சிரிப்பு அப்போதே தெருமுனை வரை கேட்கும். (இப்போதும்தான். என் கணவரைக் கேளுங்கள்.) எங்களிடம் டிவி கிடையாது. ஞாயிறு சாயங்காலம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் காமெடிக் காட்சிகளை மட்டும் தொகுத்து ஒரு மணி நேரம் போடுவார்கள். அதை நாலு வீடு தள்ளி ஒரு டீச்சர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். பார்த்தால் மட்டும் போதுமா? வீட்டுக்கு வந்து தம்பி பாபுவைக் கூட வைத்துக்கொண்டு முழுசாக நடித்தும் ஆக வேண்டும். முதலாளி, மாமியார், போலீஸ்காரர் எல்லாம் நான். அடி வாங்குகிறவன் மட்டும் பாபு.

கீழே இருக்கிற மனிதருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? தலைக்கு மேலே தொம்மென்று ஒரு சத்தம் கேட்கும். (பாபு விழுகிறான்.) அடுத்து என் சிரிப்பு. மூன்று தடவை அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். நாலாவது தடவை விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பொண்ணு சிரிக்கிறது நேரா என் நெஞ்சுல வந்து அடைக்குது. மார்ச்சோட வேற வூடு பாத்துக்கினு போயிடுங்க."

மார்ச்சில்தான் எனக்குப் பரீட்சை. அப்பாவின் ஆபீஸும் பாபுவின் பள்ளிக்கூடமும் நடந்து போகிற தூரம். அம்மாவுக்கு அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் வேகிற துவரம்பருப்பு போல உலகத்தில் வேறெங்கும் வேகாது. அப்பா கெஞ்சினார். "பொண்ணு ஒழுங்கா இருந்தா பாக்கலாம்" என்று கொஞ்சம் இறங்கி வந்தார் மாமா. ஆக, நாலு பேர் தலைக்கு மேல் கூரை இருப்பதும் இல்லாததும் என் வாயைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள்: "வாயில துணிய வெச்சுக்கோ. ஆனா சிரிக்காத."

அந்த வாரமே மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. (நான் சிரிக்கவில்லை, சத்தியமாக.) விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அத்தை கூடவே போனார். போகும்போது வீட்டுச் சாவியை அப்பாவிடம் கொடுத்து, "சொந்தக்காரங்க போன் பண்ணுவாங்க, எடுத்துப் பதில் சொல்லுங்க" என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்பி சாவியே குடுத்துட்டாங்க பாத்தியா? இனிமே காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க" என்று அம்மாவிடம் பத்து தடவை சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் அனந்தபுரத்தில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினார்கள். சாவி என் கைக்கு வந்தது. "போன் வந்தா எடு. வேற எதையும் தொடாத" என்றார் அப்பா. அந்த வேற எதையும் என்பது, பூப்போட்ட துணி போர்த்திக் கூடத்தில் உட்கார்ந்திருந்த டிவிதான். மாமா அதில் செய்தி மட்டும் பார்ப்பார். வானிலை அறிக்கை வந்தால் அதுவே அவருக்குக் கேளிக்கை.

நாலு மணி வரைக்கும் தாங்கினேன். போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் கடமை. போனுக்குப் பக்கத்தில் டிவியை வைத்தது அவர்கள் குற்றம். துணியை எடுத்தேன்.

போட்டால் ஒரே புள்ளி மழை. ஆன்ட்டெனா மொட்டை மாடியில். அந்தக் காலத்தில் டிவி பார்க்க இரண்டு ஆள் வேண்டும்: மேலே ஏறிக் கம்பியைத் திருப்ப ஒருவர், கீழே நின்று தொண்டை கிழியக் கத்த ஒருவர். படம் தெரிந்தால் "வந்துச்சு" என்று கத்த வேண்டும். மறைந்தால் எங்கள் பக்கத்தில் "பூட்டுது" என்போம், போய்விட்டது என்று அர்த்தம். இங்கே ஒரு சின்ன இலக்கணம் சொல்லிவிடுகிறேன். மனிதர் போனால் 'பூட்டாரு'. பஸ், கரண்ட், மானம், உயிர் இதெல்லாம் போனால் 'பூட்டுது'. அந்தக் கடைசி ஐட்டத்தில்தான் எனக்குச் சனி பிடித்தது.

பாபுவை மேலே ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். படம் வந்தது. ஒரு குண்டு முதலாளி நாற்காலியில் உட்காரப் போகிறார், வேலைக்காரன் நாற்காலியை இழுக்கிறான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"டைம்கீப்பரு வூடுங்களா? அவுரு எப்படி இருக்காரு இப்ப?" என்று ஓர் ஆண் குரல்.

"ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தேன். படம் கோடு கோடாக இழுத்து, சட்டென்று மறைந்தது. முதலாளி விழுந்தாரா இல்லையா? எனக்கு உலகமே இருண்டுவிட்டது. ரிசீவரைக் கையில் பிடித்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பி அலறினேன்.

"ஐயோ, பூட்டுது! மொத்தமா பூட்டுது!"

"எப்பக்கா?" என்றான் பாபு மேலிருந்து.

"இப்பதான்டா! நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்ச நேரமா இழுத்துக்கினே இருந்துச்சு, அப்படியே பூட்டுது!"

"திரும்ப வராதா?"

"இனிமே எங்கேர்ந்துடா வர்றது! எல்லாம் முடிஞ்சிது!"

ரிசீவரைத் திரும்பக் காதில் வைத்தால், அந்தப் பக்கம் மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம். பிறகு லைன் கட். லைன் கோளாறு என்று நினைத்து வைத்துவிட்டேன். அதற்குள் படமும் திரும்பி வந்துவிட்டதால், போன் வந்த விஷயமும், மேலே நிற்கிற பாபுவுக்கு "வந்துச்சு" சொல்ல வேண்டும் என்பதும் என் மண்டையிலிருந்து போய்விட்டன.

போனில் பேசியவர் மாமாவின் கூடப் பிறந்த தம்பி. மயிலத்துப் பக்கம் விவசாயம். ஒரு வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணனுக்கு நெஞ்சுவலி என்று கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ரோஷம் இடம் கொடுக்காமல், வீட்டில் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்று பூத்திலிருந்து போன் செய்திருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் நான் மாமாவின் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தின்றுகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருமில்லை, சத்தியம் செல்லாது.

நிகழ்ச்சி முடியப் பத்து நிமிஷம் இருக்கும். வாசலில் டெம்போ வந்து நின்றது. "எண்ணே! எங்கள வுட்டுட்டுப் பூட்டியாண்ணே!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் உள்ளே வந்தது. முன்னால் வந்த அம்மாள் என் கண்ணீரைப் பார்த்தார், வீங்கின முகத்தைப் பார்த்தார். (சிரித்துச் சிரித்து வீங்கியது.) அப்படியே என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பெத்த பொண்ணு கூட இப்படி அழமாட்டாளே! யாரு பெத்த புள்ளையோ, அழுது அழுது மூஞ்சே போச்சே!"

மாமா செத்துவிட்டார்! ஆஸ்பத்திரியிலிருந்து இவர்களுக்குச் சேதி போயிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அவர் அங்கே உயிரை விட்ட நேரத்தில், அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் டிவியைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அப்போது அழ ஆரம்பித்தேன் பாருங்கள், வந்த ஜனமே தன் அழுகையை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தது. நான் அழுவதைப் பார்த்து அவர்கள் நம்பினார்கள், அவர்கள் அழுவதைப் பார்த்து நான் நம்பினேன். யார் சொன்னது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

மேலேயிருந்து பாபுவின் குரல்: "வந்துச்சாக்கா?"

வாசலில் நின்ற ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்து, "இன்னும் வரலப்பா. ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்தாத்தான் வரும்" என்றார். பாபு குழம்பிப்போய் இன்னும் கொஞ்சம் கம்பியைத் திருப்பினான்.

டிவி வேறு ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ நிறுத்தப் போய் எதையோ திருகினார், சத்தம் இரண்டு மடங்கானது. துக்க வீட்டில் படம் தெரியக் கூடாதென்று ஒரு வெள்ளை வேட்டியை அதன்மேல் போர்த்தினார்கள். பிணம் வர நேரமாகும், அதுவரை மாலை வாடக்கூடாதே என்று, வாங்கிவந்த ரோஜா மாலையை அந்த வேட்டிமேலேயே வைத்தார்கள். உள்ளேயிருந்து ஒருவர் "ஐயோ, கொல்றானே!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அப்பாவும் அம்மாவும் காதுகுத்துத் தாம்பூலப் பையோடு வந்து சேர்ந்தார்கள். தெருக்காரர்கள் சொல்லி வாசலில் எழும்பிக்கொண்டிருந்த பந்தலைப் பார்த்ததும் அப்பா பையைக் கீழே போட்டார். அவர் ஒரு நல்ல குடித்தனக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டே சட்டையைக் கழற்றிவிட்டுப் பந்தல்காரருக்குக் கம்பு பிடித்துக் கொடுத்தார்.

வெயில் இறங்குகிற நேரம். ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் அத்தை பிளாஸ்க்கோடு இறங்கினார். பின்னால் டைம்கீப்பர் மாமா இறங்கினார். வெறும் வாயுத் தொல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார்களாம். பந்தலை அண்ணாந்து பார்த்தார். வாட்சைப் பார்த்தார்.

"யாரு பூட்டது?" என்றார்.

மயிலத்துத் தம்பிதான் தள்ளாடிக்கொண்டு முன்னால் வந்தார். "நீதாண்ணே" என்றார்.

எனக்கு வந்தது ஒரு சிரிப்பு. பயத்தில் வந்ததா, சந்தோஷத்தில் வந்ததா தெரியாது, வாய்க்குள் முந்தானையைத் திணித்தும் நிற்காமல் தெரு முழுக்கக் கேட்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமா என்னைப் பார்த்தார். நேராக உள்ளே போனார். மாலையை எடுத்து ஓரமாக வைத்தார், வேட்டியை விலக்கினார்.

"டிவிய யாரு போட்டது?"

கையைத் தூக்கினேன். அப்பா, கையில் பிடித்த பந்தல் கம்போடு, "காலைல காலி பண்ணிடறேங்க" என்றார்.

"இருங்க சார். நான் செத்துட்டேன்னு யாருடா சொன்னது?"

"ஒரு பொம்பளப் புள்ளண்ணே" என்றார் தம்பி. "இழுத்துக்கினே இருந்துச்சு, அப்படியே பூட்டுதுன்னு போன்ல கதறிச்சு."

"அது படங்க மாமா!" என்றேன். "பாபுவாண்ட சொன்னேன். ஆன்ட்டெனாவுக்கு!"

"என்ன சொன்ன? அப்படியே சொல்லு."

சொன்னேன். ஒரு எழுத்து விடாமல், பாபுவின் பாகத்தையும் சேர்த்து, இரண்டு குரலில். பாதியில் அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். மாமா நாற்காலியில் சாய்ந்தார். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. மறுபடி நெஞ்சுவலி என்று தம்பி பதறிப்போய் அவர் மாரைத் தேய்த்துவிட்டார். சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ளவே எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, ஏனென்றால் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

சிரித்து முடித்து, தம்பியின் கையை நெஞ்சிலிருந்து எடுக்காமல் பிடித்துக்கொண்டார். "ஆறு வருசமா எட்டிப் பாக்காதவன், செத்தாத்தான் வருவியாடா?" என்றார். தம்பி குழந்தை மாதிரி அழுதார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "எங்கயும் போவ வேணாம் சார், இங்கயே இருங்க. ஏம்மா, நீ சிரிக்கறதுன்னா இங்க வந்து சிரி. மேல இருந்துக்கினு சிரிச்சா எதுக்குன்னே தெரியல, பேஜாராகுது" என்றார். அன்று பந்தலுக்குக் கீழே எல்லோருக்கும் கேசரி கிண்டிப் போட்டார்கள். அடுத்த ஞாயிற்றிலிருந்து நான் ஜன்னல் கம்பியில் தொங்கவில்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், எல்லோரும் சிரித்து முடித்து அரை நிமிஷம் கழித்துச் சிரிப்பார். வாழ்க்கையிலேயே அவர் லேட்டான ஒரே விஷயம் அதுதான்.

அந்த வீட்டிலேயே என் கல்யாணம் நடந்தது. பல வருஷம் கழித்து, நான் விழுப்புரத்திலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலையில், மாமா நிஜமாகவே போய்விட்டார். மயிலத்துக்குப் போன் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"டிவி ஓடுதாம்மா?" என்றார் தம்பி.

"இல்லீங்க மாமா."

"அப்ப நெசந்தான்" என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதார். நானும் அழுதேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் முக்கியமான எந்தச் சேதியைப் போனில் சொன்னாலும் முதலில் டிவி நிலவரத்தைச் சொல்லிவிட்டுத்தான் சேதியைச் சொல்வது. பாபு வேலை கிடைத்ததை அப்படித்தான் சொன்னான். எனக்குப் பிரசவமான அன்று, கட்டிலில் படுத்தபடியே போனை வாங்கி அப்பாவிடம் நானே பேசினேன். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, மயக்கம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று என் கண்ணை விரித்துப் பார்த்தார். நான் சொன்னது இவ்வளவுதான்:

"டிவி ஓடலப்பா. பொண்ணு பொறந்திருக்கு."