ஃபெரோக்ஸின் வேர்வை

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அந்த ஃபெரோக்ஸின் வேர்வை இருக்க வேண்டும்.

என்னை அவசரக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். என் மனைவி துர்ரானியா முகத்தில் வெள்ளைச் சுண்ணத்தை அப்பிக்கொண்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. தோல் மிருதுவாகும் என்று செம்மறியாட்டு ரோமத்து அழுக்கைத் தடவிக்கொண்டு பக்கத்தில் படுத்தாள். தொழுவத்தில் படுத்திருக்கிறோம் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். ஆனால் ஃபெரோக்ஸ் விஷயம் அப்படியில்லை.

ஃபெரோக்ஸ் எங்கள் ரோமானியத் துறைமுக ஊரான புத்தியோலியின் அரங்கில் வாள்சண்டை போடுகிற தடியன். பயிற்சிக்கு முன்னால் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொள்வான். முடிந்ததும் எண்ணெய், வேர்வை, மண் எல்லாவற்றையும் வெண்கலச் சுரண்டியால் வழித்தெடுப்பார்கள். வழித்ததைச் சாக்கடையில் கொட்ட வேண்டியதுதானே? அதுதான் இல்லை. ஜாடியில் அடைத்து விற்கிறார்கள். அதை வாங்கி முகத்தில் பூசிக்கொள்ள ஊர்ப் பெண்கள் முட்டி மோதுகிறார்கள், என்னுடையவள் முதல் ஆளாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எவனோ ஒருத்தன் வேர்வைய மூஞ்சில பூசிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"சுருக்கம் போகுதுங்க."

"வேர்வைதானே வேணும்? எனக்கு வராதா?"

"உங்களுக்கு வர்றது வேர்வை இல்லீங்க. மீன் சாறு."

நான் மீன் சாறு வியாபாரி. மீனையும் உப்பையும் வெயிலில் புளிக்க வைத்து வடித்த சாறு அது. அதை ஊற்றாமல் இந்த ஊரில் எவனுக்கும் சோறு இறங்காது. விற்கிறவன் பக்கத்தில் வந்தால் மட்டும் மூக்கைப் பிடிப்பான். துர்ரானியா அப்படிச் சொன்னபோது எதிர்வீட்டு ஓப்பியா பக்கத்திலேயே உட்கார்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் ஒன்று விழுந்தால் துறைமுகம் வரைக்கும் போய்விடும். போயிற்று. மறுநாள் குளியல் கூடத்தில் துணி வியாபாரி ஒருவன் ரொம்ப அக்கறையாக விசாரித்தான்.

"என்ன நுமேரியஸ், வீட்ல ஃபெரோக்ஸ் சௌக்கியமா?"

கூடமே சிரித்தது. அதன் பிறகு தினமும் எவனாவது ஒருத்தன் இதையே கேட்க ஆரம்பித்தான். நான் குளிக்கப் போகிறேனா, மானத்தை வாங்கிக்கொள்ளப் போகிறேனா என்றே தெரியவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, ஜாடியிலிருந்த ஃபெரோக்ஸை ஒரு பழைய மீன் சாற்றுக் குடுவைக்கு மாற்றினேன். கொட்டிவிடவில்லை. நாளைக்கு நாலு பேர் முன்னால் காட்டச் சாட்சி வேண்டாமா? பூஜை மாடத்தில், வீட்டுத் தெய்வங்களின் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவள் ஜாடிக்குள் இனி என் வேர்வை. அவளும் பூசிக்கொண்டு ஆகா ஓகோ என்பாள். ஒருநாள் ஓப்பியா முன்னால் உண்மையை உடைப்பேன். அதோடு ஃபெரோக்ஸ் ஒழிந்தான்.

வேர்வை என்ன சும்மாவா வருகிறது? குளியல் கூடத்து முற்றத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழித்ததை வேலையாள் கொட்டப் போனான். கையைத் தட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டேன். மீன் வாடை போக ரோஜா எண்ணெய் கலந்தேன். துர்ரானியா வேறு என்றைக்கும் இல்லாத அன்போடு எண்ணெய்க் குடுவையை அவளே நிரப்பிக் கையில் கொடுத்தனுப்பினாள். எண்ணெய் ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று கேட்டேன். ஹிஸ்பானியாவிலிருந்து வந்த சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்றாள்.

அவள் முகம் நாளுக்கு நாள் பளபளத்தது. "ஃபெரோக்ஸ்னா ஃபெரோக்ஸ்தான்க்கா" என்று ஓப்பியா உருகினாள். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். ஓடுகிறவன் நான், பேர் அவனுக்கா?

பொறுத்தது போதும் என்று ஓப்பியாவை விருந்துக்குக் கூப்பிட்டேன். சாப்பாடு பாதியில் இருக்கும்போது எழுந்து நின்றேன்.

"ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்குங்க. இவ இத்தன நாளா பூசிக்கிட்டது ஃபெரோக்ஸ் வேர்வை இல்ல. என்னோடது. இந்த மீன் சாறுக்காரனோடது."

ஓப்பியா வாயில் வைத்த முட்டையை விழுங்க மறந்தாள். துர்ரானியா நிதானமாக ரொட்டியைப் பிய்த்தாள். நான் மாடத்துக்குப் போய்ச் சாட்சியை எடுத்து வந்து, மூடியைத் திறந்து, மேசை மேல் கவிழ்த்தேன்.

ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே யாரோ துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"தினம் காலைல சாமிக்கு மாலை போடறது யாருங்க? நீங்களா?" என்று கேட்டாள் துர்ரானியா.

குடுவையைத் தலைகீழாக உலுக்கிப் பார்த்தேன். "அப்ப... உள்ள இருந்தது எங்க போச்சு?"

"உங்க எண்ணெய்க் குடுவைக்குத்தான். தினம் கொஞ்சம் கலந்து குடுத்தேன். நீங்களே தேய்ச்சுக்கிட்டீங்க, நீங்களே வழிச்சுக்கிட்டு வந்து என் ஜாடியில வச்சீங்க. நடுவுல உங்களோடதும் கொஞ்சம் சேந்திருக்கும். போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்."

"தெரிஞ்சப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா கத்துவீங்க. இப்ப பாருங்க, ஓடி ஓடித் தொப்பை பாதியாயிடுச்சு."

ஓப்பியா கையை நீட்டி என் முழங்கையைத் தடவிப் பார்த்தாள். "அதான பாத்தேன், அண்ணன் தோலு என்னமா வழவழன்னு இருக்கு" என்றாள்.

கோபத்தில் என் உடம்பெல்லாம் வேர்த்தது. அதைத் துடைக்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் குளியல் கூடத்தில் கால் வைத்ததும் துணி வியாபாரி கேட்டான், வீட்ல ஃபெரோக்ஸ் சௌக்கியமா என்று. அவன் வீட்டில் இல்லை, இத்தனை நாளாக என்னோடுதான் குளிக்க வந்துகொண்டிருந்தான் என்று எந்த வாயால் சொல்வது?