பூவாயிக் கரடியின் முழங்கால் மதிப்பெண்

ஒரு காட்டில் புல்லைவிட மூட்டுவலி அதிகமாக முளைத்திருந்தது. அதனால் அங்கே மூட்டு மாற்றுவதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வைத்திருந்தார்கள். டாக்டர் ஒரு மரங்கொத்தி. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளைத் தயார்ப்படுத்த ஆறு வார வகுப்பும் உண்டு. அதை நடத்தியவள் நாரை டீச்சர்.

பூவாயி என்ற கரடிக்கு வலது முழங்காலில் தகராறு. அவள் வீட்டுப் பக்கத்து வேங்கை மரத்தில் ஈயும் தேனுமாக அடை தொங்கியது. மூன்று வருஷமாக அண்ணாந்து பார்த்து எச்சில் விழுங்குவதே அவள் பிழைப்பாகிவிட்டது. மரம் ஏறாத கரடியும் ஒரு கரடியா என்று அவளுக்கே அழுகையாக வந்தது. இரண்டு மழைக்காலம் வரிசையில் நனைந்து ஒருவழியாக ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினாள்.

வகுப்பின் முதல் நாள் நாரை படிவத்தை எடுத்தாள்.

"பத்துக்கு எத்தனை வலி, பூவாயி?"

"ஒன்பது போடுங்க டீச்சர். பத்துக்குப் பத்து வாங்கி எனக்குப் பழக்கமில்லை."

முதல் கட்டத்தில் ஒன்பது விழுந்தது. "ஆபரேஷன் முடிஞ்சு ஆறாவது வாரம் மறுபடி கேட்டு ரெண்டாவது கட்டத்துல எழுதுவேன். ஒன்பதுல எத்தனை குறையுதோ அதுதான் என் வகுப்போட பலன். மேலிடத்துக்கு அதைத்தான் அனுப்பணும்" என்றாள் நாரை.

பூவாயி சொன்னதையெல்லாம் செய்தாள். காலை மடக்கினாள், நீட்டினாள். பலாப்பழத்தைப் பாதியாகக் குறைத்தாள். கிளையைப் பிடித்துக்கொண்டு டீச்சரைப் போலவே ஒற்றைக் காலில் நின்றாள்.

ஆறாவது வாரம் வகுப்பு முடிந்து திரும்பும்போது ஏதோ யோசனையில் வேங்கை மரத்தில் ஏறிவிட்டாள். வாயெல்லாம் தேனோடு இறங்கிய பிறகுதான் தன் முழங்கால் ஞாபகமே வந்தது. அழுத்திப் பார்த்தாள். வலி இல்லை. வந்த வழியே ஓடினாள்.

"டீச்சர், வலி சுத்தமாப் போயிடுச்சு. சைபர்னு எழுதிக்கோங்க."

நாரைக்குக் கண் கலங்கியது. பிறகு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எழுத இடமில்லையே. நீ இப்ப ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல நிக்கறே."

"அப்போ ஆபரேஷன் வேண்டாம்னு விட்டுடட்டுமா?"

"தாராளமா விடலாம். உன் கால், உன் இஷ்டம். கடைசிக் கட்டம் காலியா இருந்தா வகுப்புக்குப் பலனில்லைன்னு எழுதிடுவாங்க. அதைப் பத்தி நீ கவலைப்படாதே."

வீட்டில் புருஷன் கரடி தலையில் அடித்துக்கொண்டான். "ரெண்டு மழை நனைஞ்சு வாங்கின தேதி. நீ விட்டா வரிசையில உனக்குப் பின்னால நின்ன அந்த எருமைக்குத்தான் போகும், தெரியுமில்ல?"

பூவாயி யோசித்தாள். வலி இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தன் தேதியில் எருமை போய்ப் படுத்திருப்பதை எப்படிப் பொறுப்பது? குறித்த நாளில் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

டாக்டர் மரங்கொத்தி முழங்காலைத் தட்டிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"பிரமாதமாத் தயாராகி வந்திருக்கே" என்று பாராட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம் கோலூன்றி வந்த பூவாயி, வலி மூன்று என்றாள். ஒன்பதில் மூன்று போக ஆறு. காட்டிலேயே சிறந்த வகுப்பு என்று நாரைக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் பூவாயிக்கும் ஒரு மாலை விழுந்தது.

அவள் டாக்டர் பக்கம் மெல்லச் சாய்ந்து, "இனி நான் மரம் ஏறலாமுங்களா?" என்று கேட்டாள்.

"மரமா? மாத்தின மூட்டோட ஆயுசுக்கும் ஏறக் கூடாது" என்றார் டாக்டர். கூட்டம் கைதட்டியது. நாரை மட்டும் கேடயத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

நீதி: வலி நீங்கினால் மட்டும் போதாது, படிவத்தில் கட்டம் இருக்கிற நாளாகப் பார்த்து நீங்க வேண்டும்.