அணைக்குக் கீழே இருக்கும் வீடு பற்றி மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் அதைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

படகுக் குளத்து அணை உடைந்துவிடும் என்று பயந்து, நான் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த வீட்டைப் பூட்டிக்கொண்டு நீங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். அணைக்குக் கீழே அதே தெருவில்தான் நாங்களும் இருக்கிறோம், ஓடிப்போகவில்லை. வெறும் மண்ணைக் கொட்டி இறுக்கிக் கட்டிய கரை அது. படகு விடுகிறவர், தூண்டில் போடுகிறவர், காதலிக்கிறவர் என்று எல்லோரையும் ஐம்பது வருஷமாகச் சுமந்துகொண்டு முணுமுணுக்காமல் நிற்கிறது. அதைவிடப் பத்து வருஷம்தான் மூத்தவன் நான், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே முணுமுணுக்கிறேன்.

சோதனைக்கு வந்த இன்ஜினியர் அம்மாவைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். மகள் வயதுதான், ஆனாலும் அம்மா என்றுதான் வாயில் வருகிறது. ஒவ்வொரு எலி வளையிலும் கம்பை விட்டுப் பார்த்தார். படகுச் சங்கச் செயலாளராக நான் ஆசையாக நட்ட மரங்களின் வேர் கரைக்கு ஆகாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். கோபம் வந்தது, ஆனால் மூன்றே நிமிஷத்தில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்துகொண்டிருந்தேன். அணையின் அடியில் விரல் பருமனுக்குத் தண்ணீர் கசிந்ததைப் பார்த்து நான் பையைக் கீழே போட்டுவிட்டேன். அவர் பதறவில்லை.

"கசியறது தப்பில்ல சார். தெளிவா கசியணும். கலங்கி வந்தா உள்ளேருந்து மண்ணு போகுதுன்னு அர்த்தம்."

அதைக் கவனிக்கும் வேலையை என்னை நம்பிக் கொடுத்தார். தினமும் விடிவதற்குள் அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வந்து, சமையலறை ஜன்னலில் அசையாமல் வைத்து, குளித்துவிட்டு மூக்குக் கண்ணாடியோடு பார்க்கிறேன். இருபத்தொரு நாளும் அடியில் ஒரு துகள் கிடையாது. நோட்டில் 'தெளிவு', 'தெளிவு' என்று எழுதி அலுத்துப்போய் 'மிகத் தெளிவு' என்றும் எழுத ஆரம்பித்தேன். போனில் ஒப்பித்தபோது இன்ஜினியர் அம்மாவே ஆச்சரியப்பட்டுப்போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆகையால் வீம்பை விடுங்கள் மாப்பிள்ளை. பேத்தி இல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்துவிடுங்கள். அணைக்கு நான் பொறுப்பு.

மூவருக்கும் எங்கள் ஆசிகள், உங்கள் அண்ணன் குடும்பத்துக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உங்கள் மாமியார் வந்து எட்டிப் பார்த்தாள். பாட்டில் கணக்கை எழுதியிருப்பதைப் பெருமையாகச் சொன்னேன். "அந்த பாட்டிலா? தினமும் அடியில சேறு நிக்குது. நான்தான் கழுவிட்டு நல்ல தண்ணி ஊத்தி வைக்கிறேன்" என்றாள். உடனே இன்ஜினியர் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. முக்கால் மணி நேரத்தில் வந்து மதகைத் திறந்து, தெருவையே காலி செய்யச் சொல்லிவிட்டார். குளம் வடியப் பத்து நாள் ஆகுமாம். நீங்கள் வரவேண்டாம், இன்று மாலை பஸ்ஸில் நாங்களே அங்கே வருகிறோம். இன்ஜினியர் அம்மாவைப் பற்றி எழுதியதெல்லாம் உண்மை என்பதால் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, நானே கையில் கொண்டுவந்து தருகிறேன். தயவுசெய்து என் எதிரில் படிக்க வேண்டாம்.