துணைக்கு வைத்த இரும்பு

சிங்காநல்லூர்,
சனிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் மிகுந்த ஆபிரகாம் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் தாமஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ரூத்தும் மகள் ஷைலாவும் சுகம். அப்படி எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன்; உண்மையில் மூவரில் ஒருவரும் சுகமில்லை. ஆர்.எஸ்.புரத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் யாரும் விமானம் ஓட்டப் படிக்கவில்லையே.

இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கை தவறிக் குடும்பக் குழுவில் போய் விழுந்துவிடுகிறது. எனக்கு மூலம் இருக்கிற விஷயம் அப்படித்தான் சபை முழுக்கப் பரவி, பாஸ்டர் வீட்டுக்கே வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். இந்த விஷயம் அதைவிட மானக்கேடானது. ஆகையால் தாங்கள் இதைத் தனியாகப் படித்துவிட்டு, வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே இங்கே வந்து, விமானம் ஓட்டுவதை விட்டுவிடும்படி ஷைலாவிடம் சொல்ல வேண்டும். தாய்மாமன் சொன்னால் தட்டமாட்டாள். அப்பன் சொன்னால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஷைலாவுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பையன் சபரீஷ். மீசை இன்னும் முழுதாக வரவில்லை. அவன் எனக்குப் போன் செய்து, "சார், செவ்வாய்க்கிழமை ஷைலாவுக்கு சோலோங்க, நீங்களும் அம்மாவும் பாக்க வாங்க" என்றான். சோலோ என்றால் ஏதோ பரிசளிப்பு விழா என்று நினைத்து, "சந்தோசமுங்க தம்பி, சட்டை ஏதாச்சும் புதுசா போட்டுட்டு வரோணுமுங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாமுங்க. நான் எறங்கிக்குவேன். உங்க பொண்ணு மட்டும் தனியா மேல போய் ஒரு சுத்து சுத்திட்டு எறங்குவாங்க" என்றான். அவள் ஸ்கூட்டர் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டே ஓடியவன் நான். கையை விட்ட அன்றைக்கு மூன்று வேளையும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் தெருவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கூட தன் காலடியில் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், பரீட்சை நாள் வரைக்கும் இறங்குவதில்லை. இந்தப் பையன் கூசாமல் இறங்கிக்கொள்கிறானாம்.

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் கறிக்குழம்புத் தூக்கோடு ஒரு கரித்துண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்புக்கரி தவறி விழுந்திருக்கும் என்று ரூத் சொல்லியிருப்பாள். எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. கறி தனியாகப் போனால் காத்து கருப்பு அண்டும் என்று துணைக்குக் கரியோ ஆணியோ வைத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம்; சபைக் கமிட்டியில் இருக்கும் அண்ணனிடம் சொல்லக் கூசி ரூத் மறைத்திருக்கிறாள். நான் கேட்பதெல்லாம் இதுதான்: சிங்காநல்லூரிலிருந்து ஆர்.எஸ்.புரம் வரும் ஆட்டுக்கறிக்கே ஒரு துணை வேண்டுமென்றால், ஆகாயத்துக்குத் தனியாகப் போகிற என் மகளுக்கு வேண்டாமா?

சும்மா ஓர் ஆணி போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் சூப்பர்வைசராக இருக்கும் காங்கேயம் எண்ணெய் மில்லில், தேங்காய்ப் பருப்போடு கலந்துவரும் ஆணி, கம்பிகளை இழுத்தெடுக்க ஒரு காந்தம் உண்டு. அதிலிருந்து கழற்றிவைத்த பழைய கட்டி ஒன்று கிடந்தது. நல்ல கனம். இரும்புக்கே இரும்பு என்று நினைத்து, கைக்குட்டையில் சுற்றி, சங்கீதம் ஒன்றைச் சொல்லி, ஷைலாவின் ஹெட்போன் பைக்குள் அடியில் வைத்துவிட்டேன். ரூத்துக்குக்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சிப் பள்ளியில் எங்களைக் கம்பிவேலிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். ரூத் கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிட்டாள். ஷைலாவும் சபரீஷும் சேர்ந்து இரண்டு சுற்று போய்வந்தார்கள். பிறகு அவன் இறங்கி, பின்னால் கிடந்த ஷைலாவின் பையை எடுத்துத் தன் சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டு, பஸ்ஸைத் தட்டி அனுப்புகிற மாதிரி விமானத்தைத் தட்டி அனுப்பினான். என் இரும்பு இப்போது மகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு ஒரே நிம்மதி. விமானம் ரன்வே முனைக்குப் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு பறக்காமல் திரும்பி வந்துவிட்டது. நான் கைதட்டினேன். வேலி ஓரத்தில் கைதட்டியது நான் ஒருவன்தான்.

கிளம்புவதற்கு முன்னால் ரன்வே இருக்கிற திசையும் திசைகாட்டி முள் காட்டுகிற திசையும் ஒன்றா என்று பார்க்க வேண்டுமாம். கிழக்கே பார்த்து நிற்கிற விமானத்தில் முள் வேறெங்கோ காட்டியிருக்கிறது. அதைக் கவனித்து ஷைலா திரும்பிவிட்டாள். மெக்கானிக்குகள் வந்தார்கள். பையை வெளியே எடுத்தால் முள் சரியாகிறது, முன் சீட்டில் வைத்தால் கெடுகிறது. வேலிக்குப் பக்கத்திலேயே பையைக் கொட்டினார்கள். கைக்குட்டை விழுந்தது. "இது என்னதுங்க?" என்று சபரீஷ் அதைத் தூக்கிப் பிடித்தான். ஷைலா கைக்குட்டையைப் பார்த்தாள், வேலிப் பக்கம் என்னைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்: "என்னுதுதானுங்க சார். தெரியாம பைக்குள்ள இருந்துபோச்சு."

அத்தனை பேருக்கு முன்னால் அதை வைத்தது நான்தான் என்று ஒத்துக்கொள்ளவில்லை, மச்சான். விமானத்துக்குள் கொண்டுபோகக் கூடாததைக் கொண்டுபோனாள் என்று அவளைப் பறக்கவிடாமல் நிறுத்திவைத்துவிட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் விசாரித்த பிறகுதான் தொடர்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தெரியுமாம். வீட்டில் அவள் பேசுவதில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நேற்று நானே வாய்விட்டு, "கண்ணு, உன்ற நல்லதுக்குத்தான் செஞ்சுபோட்டேன்" என்றேன். "நான் தனியா ஓட்டிருவேன்னு உங்களுக்கு நம்பிக்கையே இல்லீங்களா அப்பா?" என்று கேட்டாள். இல்லை என்பதுதான் உண்மை. அதை எப்படிச் சொல்வது?

எனக்குப் பயமாக இருக்கிறது. இருப்பது ஒரே பெண். பி.எட். படித்தால் உங்களுக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் எதிலாவது சேர்ந்துவிடலாம். எந்த ஸ்கூல் கட்டடமும் தரையைவிட்டுக் கிளம்புவதில்லை. எப்படியும் அந்தப் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் அவளை அனுப்பத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் அவளே விட்டுவிட்டதாக இருந்தால் மரியாதை. நீங்கள் வந்து அதைச் சொன்னால் போதும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. எங்கள் வீட்டுப் போக்குவரத்து மேலே போய்விட்டதால் எங்களுக்காகச் சற்று அதிகமாகவே ஜெபிக்கவும்.

இப்படிக்கு,
தாமஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம், மச்சான். திங்கட்கிழமை இதைத் தபாலில் போடப் புறப்பட்டவன், பயிற்சிப் பள்ளிப் பக்கம் போகிற பஸ் எதிரே வந்து நின்றதும் ஏறிவிட்டேன். தலைமைப் பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் திட்டுவார் என்று பார்த்தால், "நான் மொத தடவ தனியா போறப்ப எங்கம்மா எலுமிச்சம்பழம் குடுத்து அனுப்புனாங்க. பழம் திசைகாட்டியைக் கெடுக்காதுங்க" என்றார். முள் தப்பு என்று பார்த்துத் திரும்பி வந்தவள் தைரியமாகப் பறக்கலாம் என்று சொல்லி, ஷைலாவைப் போனில் வரவழைத்து, நாளைக்கே போகச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, நான் அங்கேயே நிற்கும்போதே அவரிடம், "அப்பா மட்டும் நாளைக்கு வர வேண்டாமுங்க சார்" என்றாள்.

எனவே இன்று காலை நான் காங்கேயத்துக்கு வேலைக்கு வந்துவிட்டேன். ரூத் போன் செய்தாள். ஷைலா போனாள், சுற்றினாள், பூப்போல இறங்கிவிட்டாளாம். நான் தேங்காய்ப் பருப்பு காயும் களத்தில் போய் நின்று அழுதேன். கண்ணில் தூசி என்று ஆட்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிறகு ஷைலா பேசினாள். "அப்பா, எறங்கிட்டேனுங்க" என்றாள். பயமாக இருந்ததா கண்ணு என்று கேட்டேன். "மேல ஒண்ணும் தெரியலீங்க. திரும்பறப்ப கீழ பாத்தேன். அம்மா மட்டும்தான் நின்னுட்டு இருந்தாங்க. எப்படியும் நீங்க சொல்லாம கொள்ளாம வந்திருப்பீங்கன்னு நெனச்சேனுங்க" என்றாள்.

அவள் சொல்லி நான் கேட்டது வாழ்க்கையில் இந்த ஒரு தடவைதான், மச்சான்.