அத்தை தும்மியது எந்த அணி?

"மார்க்கைத் திருப்பி எடுத்துக்குங்க டீச்சர்."

மார்க் போதாது என்று சண்டைக்கு வந்த பெற்றோரைத் தமிழ் டீச்சர் நிறையப் பார்த்திருக்கிறாள். திருப்பிக் கொடுக்க வந்த ஆளை இன்றுதான் பார்க்கிறாள். வந்தவர் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா. கடை கடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற அதிகாரி. பக்கத்தில் மகள் தலையைக் குனிந்து நின்றாள்.

"ஏன் சார்? 'எங்கள் அத்தை தும்மினால் தெருவே நின்றுவிடும்'னு எவ்வளவு அழகா எழுதியிருக்கா! உயர்வு நவிற்சி அணிக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்க கிடைக்கும்?"

"இருக்கறதுக்கு மேல ஏத்திச் சொன்னாத்தானே அது உயர்வு நவிற்சி?"

"ஆமா."

"எங்க அக்கா தும்மினா நெசமாவே தெரு நிக்கும் டீச்சர். உண்மையை எழுதிட்டு, ஏத்திச் சொன்னதா மார்க் வாங்கினா அது கள்ளத்தராசு."

மறுநாள் டீச்சருடைய மாதிரி வகுப்பு. வெளிப்பள்ளி ஆசிரியர்களெல்லாம் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அது நன்றாக அமைந்தால்தான் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். அந்த வகுப்புக்காக இந்தத் தும்மலைத்தான் பெரிய அட்டையில் வண்ண வண்ணமாக எழுதி வைத்திருந்தாள். நடு வகுப்பில் இந்தப் பெண் எழுந்து, "அது உண்மை டீச்சர்" என்று சொல்லிவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

"சரி, இன்னும் கொஞ்சம் ஏத்திடுவோம். அத்தை தும்மினால் நிற்கிற காரெல்லாம் அலறும்!"

"அலறுமே," என்றாள் சிறுமி.

"ஜன்னல் கண்ணாடி தெறிக்கும்!"

"போன மாசம்தான் மாத்தினோம்," என்றார் அப்பா.

"மரத்துல இருக்கற காக்காயெல்லாம் ஊரை விட்டே பறந்துடும்!"

அப்பா யோசித்தார். மகள் பக்கம் திரும்பினார். "திரும்பி வந்துச்சாம்மா?"

"இன்னும் வரலைப்பா."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. டீச்சருக்கு ரோஷம் வந்தது. அட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நடங்க சார், நானே வந்து பாத்துடறேன்."

அத்தையைக் கண்டதும் டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. நூலகத்தில் வேலை. "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றதே காதோடு காதாகத்தான் கேட்டது. இந்த அம்மாளா தெருவை நிறுத்துவாள்? அப்பாவும் மகளும் சேர்ந்து நன்றாகக் கயிறு திரித்திருக்கிறார்கள்!

வெற்றிச் சிரிப்போடு டீச்சர் அட்டையை விரித்து உதறினாள். அதில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூள் கிளம்பியது. அப்பா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள்.

அத்தை தும்மினாள்.

சுவர்க்கடிகாரம் நின்றது. வெளியே கார்கள் ஒன்றையொன்று பார்த்துக் கதறின. போய்க்கொண்டிருந்த பேருந்து நின்று, ஓட்டுநர் இறங்கிச் சக்கரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எதிர்மாடியில் ஒருவர் பாதி சவரத்தோடு ஓடிவந்து வானத்தைப் பார்த்தார். நடந்தவர்கள் நடந்த இடத்திலேயே நின்றார்கள்.

டீச்சர் ஜன்னலருகே போய் நின்று தெருவைப் பார்த்தாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. சின்ன வயதில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது இப்படித்தான் நின்றிருந்தாள். மலை நடுங்கியது, திசைகள் அதிர்ந்தன என்றெல்லாம் எழுதிய பழைய புலவர்கள் வீட்டிலும் இப்படி ஓர் அத்தை இருந்திருப்பாளோ? தெரியாமல் அதையெல்லாம் மிகை, மிகை என்று நடத்திவிட்டோமே! அவளுக்குக் கண் கலங்கியது.

"கண்ணால பாத்ததை அப்படியே எழுதியிருக்கே கண்ணு," என்று சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேனாவை எடுத்து, அட்டையில் 'உயர்வு நவிற்சி அணி' என்றிருந்ததை அடித்தாள். மேலே 'இயல்பு நவிற்சி அணி' என்று எழுதினாள். உள்ளதை உள்ளபடியே சொல்வது. இனி யார் எழுந்து உண்மை என்றாலும் கவலையில்லை, உண்மையாக இருப்பதுதான் இந்த அணிக்கு இலக்கணம். வேலை பிழைத்தது.

அப்பா ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தார். "இப்பதான் முள்ளு நேரா நிக்குது," என்றார்.

அத்தை கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி, கூச்சத்தோடு டீச்சரின் காதருகே வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். வீட்டுக்கு வந்தவங்க பயந்துடப் போறீங்களேன்னு அடக்கித்தான் தும்மினேன்."